இரண்டு வெள்ளிக்கிழமைகளுக்கு நடுவே

2024 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாடு ஏப்ரல் 19 அன்று வாக்களித்தது, கேரளம் ஏப்ரல் 26 அன்று. இரண்டும் வெள்ளிக்கிழமைகள். நடுவில் இருந்த ஏழு நாளும் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மூன்று மலைவாசல்களிலும் பேச்சு இடது கை ஆள்காட்டி விரலைப் பற்றித்தான். தேனித் தொகுதியில் வைத்த மை அழியாமல் இருக்கிறதா, அழிக்கப்பட்டிருக்கிறதா, அதே விரல் அடுத்த வாரம் இடுக்கித் தொகுதியில் நீட்டப்படுமா என்ற கேள்விகள். 2019-இல் இடைவெளி ஐந்து நாள்: ஏப்ரல் 18-உம் 23-உம். 2016-லும் 2021-லும் சட்டமன்றத் தேர்தல்கள் இரு மாநிலங்களிலும் ஒரே நாளில் நடந்தன. அப்போது சந்தேகம் விரலிலிருந்து ஜீப்புக்கு மாறியது. காலையில் கீழே ஓட்டுப் போட்டவர்கள் மதியத்துக்குள் மேலே ஏறிவிடுவார்கள் என்று சோதனைச் சாவடிகளில் வண்டிகளை நிறுத்திப் பார்த்தார்கள்.

'இரட்டை ஓட்டு' என்பது உடும்பன்சோலை, பீர்மேடு, தேவிகுளம் ஆகிய மூன்று தொகுதிகளிலும் தேர்தல்தோறும் கிளம்பும் புகார். ஒரு கட்சி இன்னொரு கட்சியைக் குற்றம் சொல்லும். பட்டியலில் பெயர் இருப்பவரிடம் மட்டும் யாரும் பேசுவதில்லை. அவர் யார்? பெரும்பாலும் கம்பம், கூடலூர், உத்தமபாளையம், தேவாரம், போடி வட்டாரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு, ஏலமலையிலோ தேயிலைத் தோட்டத்திலோ தலைமுறை தலைமுறையாகப் பிழைப்பவர். பள்ளத்தாக்கில் அவரை 'வெளிமாநிலம் போனவர்' என்று யாரும் சொல்வதில்லை. 'மேலே போயிருக்கிறார்' என்பார்கள். மேலே உள்ளவர்களோ அவரை இறங்கிப் போய்விடப் போகிறவராகவே பார்ப்பார்கள்.

இரண்டு பட்டியலில் பெயர் வைத்திருப்பதை நான் நியாயப்படுத்தவில்லை. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு ஒருவர் ஒரு தொகுதிக்கு மேல் பதிவாகக் கூடாது என்கிறது. அது சரியான விதி. ஆனால் அதே சட்டத்தில் இன்னும் கொஞ்சம் கீழே படித்தால் வேறு ஒன்று தெரியும். 19-ஆம் பிரிவு, 'சாதாரணமாக வசிக்கும்' இடத்தில் பதிந்துகொள்ளச் சொல்கிறது. 20-ஆம் பிரிவு, ஒரு ஊரில் வீடு சொந்தமாக இருப்பதாலேயே அங்கே வசிப்பதாகக் கொள்ள முடியாது என்கிறது. கூடவே, தற்காலிகமாக வெளியே போனதாலேயே வசிப்பிடம் இல்லாமல் போய்விடாது என்றும் சொல்கிறது. ஆடியிலிருந்து தை வரை ஏலக்காய் எடுப்புக்கு மேலே தங்கி, மற்ற மாதங்களில் கீழே கூலிக்குப் போகும் பெண் எங்கே 'சாதாரணமாக' வசிக்கிறாள்? சட்டம் எழுதியவர்கள் அவளை நினைத்து எழுதவில்லை.

வேறு ஒருவரை நினைத்து ஒரு பிரிவையே சேர்த்தார்கள். 2010-இல் கொண்டுவரப்பட்ட 20ஏ பிரிவு, வேலைக்காகவோ படிப்புக்காகவோ வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமகன், அந்நாட்டுக் குடியுரிமை பெறாதவரை, கடவுச்சீட்டில் உள்ள சொந்த ஊர் முகவரியிலேயே வாக்காளராகப் பதியலாம் என்கிறது. ஓட்டுப் போட நேரில் வர வேண்டும், அவ்வளவுதான். எனவே கம்பத்திலிருந்து துபாய் போனவருக்குக் கம்பத்தில் ஓட்டு உண்டு. கம்பத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் வண்டன்மேட்டுக்குக் குடிபோனவருக்கு இல்லை. உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர்களுக்காக 72 தொகுதிகள் வரை ஒரே பெட்டியில் கையாளக்கூடிய தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரம் ஒன்றைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்ட அழைத்தது. எதிர்க்கட்சிகள் எதிர்த்தன. அதோடு பேச்சு அடங்கிவிட்டது.

புலம்பெயர்ந்தவரின் அரசியல் கசப்பு என்றால் நமக்கு டொராண்டோவும் லண்டனும் சிங்கப்பூரும்தான் நினைவுக்கு வருகின்றன. விட்டுவந்த நாட்டின் அரசியல் வெறுத்துப்போய், வந்து சேர்ந்த நாட்டின் அரசியல் தன்னை ஏற்காமல், இரண்டுக்கும் நடுவில் நின்று புலம்புகிற ஒரு குரல். அந்தக் குரலுக்குக் கடல் கடக்க வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றியது மேகமலையில்தான்.

சின்னமனூரிலிருந்து தென்பழனி சோதனைச் சாவடி தாண்டி 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஹைவேவிஸ். அதற்கப்பால் மணலாறு, வெண்ணியாறு, இரவங்கலாறு என்று அணைகளும் தேயிலையும் மாறி மாறி வந்து, மகாராஜாமெட்டில் சாலை முடிந்துவிடும். அங்கிருந்து பார்த்தால் கம்பம் பள்ளத்தாக்கு ஒரு தொட்டி மாதிரி கீழே கிடக்கும். அதற்கு மேற்கே சுவராக எழும்பி நிற்பது ஏலமலை. தெற்கே பெரியாற்றுக் காடு. எல்லைக்கோடு வரைபடத்தில்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது ஒரே மலை, ஒரே மேகம். மேகமலைத் தோட்டங்களின் லைன் வீடுகளும் பீர்மேட்டுத் தோட்டங்களின் லயங்களும் ஒரே அச்சில் வார்த்தவை. வேலை இருக்கும்வரை வீடு, ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுக்க வேண்டும். ஐம்பது வருஷம் ஒரே அறையில் வாழ்ந்தாலும் கதவு எண் தோட்டத்துடையது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது விளங்கும்.

2023-இல் இந்த மலை ஒரு யானையால் பேர்பெற்றது. சின்னக்கானலில் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளை உடைத்து, பன்னியார் தோட்டத்து ரேஷன் கடையில் அரிசி தின்று பெயர் வாங்கிய அரிக்கொம்பனை, ஏப்ரல் 29 அன்று பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். அது நடந்து மேகமலைக்கு வந்தது. சுற்றுலாவை நிறுத்தினார்கள். மே 27 காலையில் கம்பம் தெருக்களில் ஓடியது. ஜூன் 5 அன்று சின்ன ஓவுலாபுரம் பக்கம் மீண்டும் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். கழுத்துப்பட்டை ரேடியோ அலை அனுப்பிக்கொண்டே இருந்ததால் எந்த நேரத்தில் எந்த மாநிலத்தில் நிற்கிறது என்று இரு அரசுகளுக்கும் தெரிந்திருந்தது. இரு மாநில உயர் நீதிமன்றங்களிலும் அதற்காக வழக்குப் போட ஆள் இருந்தது. அந்த யானை உடைத்த வீடுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர்கள். அவர்களைப் பற்றிய பேச்சு இரண்டு தலைநகரங்களிலும் அந்த யானையைப் பற்றிய பேச்சில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

எல்லை எப்படி வந்தது? பீர்மேட்டில் முதலில் காப்பி, அதில் இலை நோய் விழுந்தபின் தேயிலை. 1877-இல் பூஞ்சாற்று அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ பெற்ற குத்தகையில் தொடங்கிய கண்ணன் தேவன் மலைத் தோட்டங்கள். எல்லாவற்றுக்கும் ஆள் கீழேயிருந்துதான் போனது. தாது வருஷப் பஞ்சம் நாட்டைச் சுட்டுக்கொண்டிருந்த காலம் அது. கங்காணி முன்பணம் கொடுத்தார், ஆட்கள் ஏறினார்கள். மூணாற்றுத் தேயிலையும் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத்தான் உலகத்துக்குப் போனது. அன்றைக்கு மலையின் வாசல் கிழக்கே பார்த்திருந்தது. மேற்கே கோட்டயத்தை விடக் கிழக்கே போடிதான் பக்கம்.

1950-களில் மொழிவாரி மாநிலக் கணக்கு வந்தபோது, தேவிகுளத்தில் தமிழர் தெளிவான பெரும்பான்மை, பீர்மேட்டில் ஏறத்தாழப் பாதி. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் இரண்டையும் சென்னை மாநிலத்தோடு சேர்க்கக் கேட்டது. 1954-இல் தேவிகுளம் போராட்டத்தில் அதன் தலைவர் மார்ஷல் நேசமணி கைதானார். ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் பட்டம் தாணுப்பிள்ளை அரசின் காவல்துறை சுட்டதில் உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும், செங்கோட்டையில் ஒரு பகுதியும் தமிழகத்துக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. திருவிதாங்கூர்-கொச்சித் தரப்பு முன்வைத்த வாதங்களில் முக்கியமானது இது: அங்கே இருக்கிற தமிழர்கள் வேலைக்கு வந்து போகிறவர்கள், நிலைத்த குடிகள் அல்ல.

அந்த வாதத்தை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். அது முழுப் பொய் இல்லை என்பதுதான் அதன் கொடுமை. ஆம், அவர்களில் பலர் பொங்கலுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் கீழே போனார்கள். ஆனால் ஏன் நிலைக்கவில்லை? நிலைக்க நிலம் தரவில்லை. லயத்தில் அறைதான் தந்தார்கள். அதே 1950-களில் பட்டம் அரசு மலைப் பகுதியில் குடியேற்றத் திட்டம் கொண்டுவந்து, சமவெளியிலிருந்து வந்த மலையாளக் குடும்பங்களுக்கு ஏக்கர் கணக்கில் நிலம் கொடுத்தது. நெடுங்கண்டம் பக்கம் 'பட்டம் காலனி' என்ற பெயர் இன்றும் இருக்கிறது. அந்தக் குடியேறிகளின் பாடும் லேசுப்பட்டதல்ல. இடுக்கி அணைத் திட்டத்துக்காக 1961-இல் ஐயப்பன்கோவிலிலிருந்து அவர்களில் ஒரு பகுதியினரை விரட்டி, குமுளிக்கு அருகே அமராவதியில் மழையில் கொண்டுபோய் விட்டார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அங்கே வந்து உண்ணாவிரதம் இருந்தார். ஆனால் நிலத்துக்கு வந்தவனுக்குப் பின்னால் ஒரு தேவாலயமும் ஒரு கட்சியும் கொஞ்ச காலத்தில் ஒரு பட்டாவும் வந்தன. கூலிக்கு வந்தவனுக்குச் சங்கத்துச் சந்தா வந்தது. வேர்விட மண் கொடுக்காமல் வைத்திருந்து, வேர் இல்லை என்று கணக்கு எழுதினார்கள்.

இதே வாதம் அதற்குச் சில வருஷம் முன்பு கடலுக்கு அப்பால் சட்டமாகியிருந்தது. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர் ஆக்கியது. 1947 தேர்தலில் ஏழு உறுப்பினர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் அடுத்த தேர்தலில் வாக்காளர் பட்டியலில் இல்லை. அங்கே சொன்ன காரணமும் அதுதான், இவர்கள் வந்து போகிறவர்கள், மனம் இந்தியாவில் இருக்கிறது என்று. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் 9,75,000 பேரை எண்ணிப் பிரித்தார்கள்: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம். 1974-இல் அந்த மீதியையும் பாதிபாதியாகப் பங்கிட்டார்கள். நீலகிரியில் வந்திறங்கியவர்களை ஊர் இன்றும் 'சிலோன்காரர்' என்கிறது. இலங்கையில் இந்தியர், இந்தியாவில் சிலோன்காரர். கம்பத்துக்காரருக்கு நாடு மாறவில்லை, கடவுச்சீட்டு தேவைப்படவில்லை. பெயர் மாறியதில் மட்டும் வித்தியாசம் இல்லை: மேலே 'பாண்டி', கீழே 'கேரளாக்காரன்'.

மலைத் தமிழரின் அரசியல் என்பது வெறும் ஏமாந்த கதை என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு காலத்தில் அவர்கள் ஓட்டு ஓர் அரசாங்கத்தின் மூச்சாக இருந்தது. 1957-இல் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் கம்யூனிஸ்ட் அரசு மயிரிழைப் பெரும்பான்மையில் அமைந்தது. தேவிகுளத்தில் வென்ற ரோசம்மா புன்னூஸின் தேர்தல் செல்லாது என்று நீதிமன்றம் சொல்ல, 1958-இல் இடைத்தேர்தல் வந்தது. தோட்டத்துத் தமிழரிடம் தமிழில் பேச வேண்டும். கட்சி கீழே ஆள் அனுப்பிப் பண்ணைப்புரத்திலிருந்து ஒருவரை அழைத்துவந்தது: பாவலர் வரதராஜன், இளையராஜாவின் அண்ணன். சினிமா மெட்டில் கட்சிப் பாட்டுக் கட்டி, லயம் லயமாகப் பாடினார். ரோசம்மா வென்றார். வெற்றியில் பெரும்பங்கு பாவலருக்கு என்று இ.எம்.எஸ்ஸே சொன்னதாகப் பள்ளத்தாக்கில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். அந்த இடைத்தேர்தல் வேலைக்குக் கட்சி பொறுப்பாக வைத்திருந்தவர் இளைஞர் வி.எஸ். அச்சுதானந்தன். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் இரண்டு முறை வருவார்.

1958-இல் எல்லை இரண்டு வயதுக் குழந்தை. கீழே உள்ள பாட்டுக்காரர் மேலே போய் ஓட்டுக் கேட்பது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. கசப்பு ஊறியது பின்னால், தண்ணீரில்.

முல்லைப் பெரியாறு ஒப்பந்தம் 1886 அக்டோபர் 29 அன்று கையெழுத்தானது. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வீதம் வருஷத்துக்கு 40,000 ரூபாய், 999 வருஷம். பென்னிகுவிக் கட்டிய அணை 1895-இல் திறந்தது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் அதை நம்பி இருக்கிறது. கூடலூரில் தண்ணீர் வருவதும் வராததும்தான் நல்ல வருஷமா கெட்ட வருஷமா என்பதைச் சொல்லும். பென்னிகுவிக் என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிற ஊர்கள் இவை. 1979-இல் பாதுகாப்பு அச்சத்தில் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்தது. அடுத்த மாதமே கேரளம் அதைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. 2014 மே 7 அன்று நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்துசெய்தது. இந்தத் தேதிகள் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் மனப்பாடம்.

மனப்பாடமாகாதது ஒரு வரைபடம். அணைக்கு நேர் கீழே, ஆற்றோரத்தில் இருக்கிற ஊர்கள் வண்டிப்பெரியாறு, சப்பாத்து, உப்புத்தரை. அணை உடைந்தால் முதலில் போகும் என்று கேரளம் சொல்லும் ஊர்கள். சப்பாத்தில் 2006 இறுதியில் தொடங்கிய தொடர் உண்ணாவிரதம் வருஷக்கணக்கில் நடந்தது. அந்த ஊர்களைச் சுற்றி இருப்பவை தேயிலைத் தோட்டங்கள். அங்கே லயங்களில் தூங்குகிறவர்களில் மிகப் பலர் தமிழர். ஆக, அணையின் தண்ணீரில் அண்ணன் கூடலூரில் நாற்று நடுகிறான், அணையின் நிழலில் தம்பி வண்டிப்பெரியாற்றில் படுத்திருக்கிறான். இரு மாநிலங்களின் வழக்கும் ஒரே குடும்பத்துக்குள் இருப்பது இவர்களுக்கு மட்டும்தான். அணையின் பயம், அணையின் நன்றி இரண்டையும் உடம்பில் அறிந்த சாட்சிகள். ஆனால் நீதிமன்றத்தில் வாதித்தவை இரண்டு அரசுகள். இரண்டு பக்கத்து மேடைகளிலும் 'மக்கள்' என்று சொன்னபோது அந்தத் தம்பியை யாரும் நினைக்கவில்லை. கேரள மேடையில் அவன் அணைக்கு ஆதரவான தமிழன், தமிழக மேடையில் பிரச்சினை அணைக்குக் கீழ்ப்பக்கம் இருப்பதே கிடையாது.

அணை பலமாக இருக்கிறது என்று 2012-இல் நீதிபதி ஆனந்த் தலைமையிலான குழு சொன்னதை நான் ஏற்கிறேன். ஆனாலும் பலமான அணைக்குக் கீழே தூங்குகிறவரின் தூக்கம் தனி விஷயம். அதைத் தமிழகத்தில் பேசினால் துரோகம் ஆகிவிடுகிறது. புலம்பெயர்ந்தவர் பழைய ஊர் அரசியலில் வெறுத்துப்போவது இங்கேதான். ஊர் அவரிடம் விசுவாசம் கேட்கிறது, செய்தி கேட்பதில்லை.

2011 டிசம்பர் இதையெல்லாம் வெளிக்கொண்டுவந்தது. அந்த வருஷம் இடுக்கியில் சில நில அதிர்வுகள். நவம்பரில் அணை உடைவதைக் காட்டும் 'டேம் 999' படம். கேரளச் சட்டமன்றம் டிசம்பர் 9 அன்று நீர்மட்டத்தை 120 அடியாகக் குறைக்கவும் புதிய அணை கட்டவும் தீர்மானம் போட்டது. தமிழகச் சட்டமன்றம் 15 அன்று பதில் தீர்மானம். நடுவில் பள்ளத்தாக்கு மக்கள் ஆயிரக்கணக்கில் குமுளி நோக்கி நடந்தார்கள். தலைவர்கள் அழைத்து வந்த கூட்டம் இல்லை அது. வந்த தலைவர்கள் கூட்டத்தின் பின்னால் ஓட வேண்டியிருந்தது. எல்லை மூடியது, 144 தடை உத்தரவு வந்தது. கீழே மலையாளிகளின் கடைகளிலும் தோட்டங்களிலும் கல் விழுந்தது. மேலே ஏலத்தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள், பெண்கள் உட்பட, தாக்கப்பட்டார்கள். குடும்பம் குடும்பமாகச் சாமான்களைத் தலையில் வைத்துக்கொண்டு காட்டுப்பாதையில் இறங்கி வந்தார்கள். சில வாரங்களில் எல்லோரும் சமாதானமானபோது, அவர்கள் அதே பாதையில் மேலே ஏறினார்கள். காய் பழுத்துக் கிடந்தது, கூலி அங்கேதான் இருந்தது.

கட்சிகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த மலையின் இருபுறமும் ஒரே கொடி பறக்கிற கட்சிகள் உண்டு. காங்கிரஸ், இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள். அணை விஷயத்தில் அவற்றின் தமிழகக் கிளை ஒன்று சொல்லும், கேரளக் கிளை நேர்மாறாகச் சொல்லும். குமுளிச் சோதனைச் சாவடியில் கொள்கை மாறுகிற அதிசயம் இது. 1958-இல் பாவலரின் குரலை நம்பித் தேவிகுளத்தை வென்ற அச்சுதானந்தன், புதிய அணை கேட்டவர்களில் முன்னணியில் நின்றார். அவரைக் குறை சொல்லவில்லை, அவர் தன் மாநிலத்தின் தலைவர். எந்தத் தலைவரும் எல்லைக்கு அந்தப் பக்கம் ஓட்டில்லாதவருக்காகப் பேசுவதில்லை, அவ்வளவே. அதிமுகவும் இடுக்கியின் மூன்று தமிழ்த் தொகுதிகளிலும் வேட்பாளர்களை நிறுத்திப் பார்த்தது. அன்று சென்னையில் ஆண்ட கட்சியின் சின்னம் லயத்துச் சுவரில் இருப்பதில் ஒரு சின்ன ஆறுதல் இருந்திருக்கும். அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை.

அடுத்தது சாதிச் சான்றிதழ். பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை வந்தது 1950 ஆகஸ்ட் 10 அன்று. பட்டியல் மாநிலவாரியானது. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக உள்ளவர் இன்னொரு மாநிலத்துக்குப் போனால் அங்கே அந்தச் சலுகை கிடையாது என்று 1990-இல் மாரி சந்திரசேகர் ராவ் வழக்கில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. இதன் பொருள் இடுக்கியில் மிக நேரடியானது. தாத்தா அந்தத் தேதிக்கு முன்னால் மலையேறினாரா, பின்னால் ஏறினாரா? முன்னால் என்றால் பேரனுக்குக் கல்லூரியில் இடஒதுக்கீடு. பின்னால் என்றால், பேரன் பிறந்ததும் படித்ததும் மலையாளம் பேசுவதும் எல்லாம் அங்கே என்றாலும், சான்றிதழுக்குத் தாத்தாவின் ஊர் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு இறங்க வேண்டும். அங்கே கேட்பார்கள்: நீ இங்கே எங்கே இருக்கிறாய்?

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தேவிகுளம் தொகுதியே சாட்சி. அது தனித்தொகுதி. பல பத்தாண்டுகளாகத் தமிழர்களையே அனுப்பி வருகிறது. 2021-இல் மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ. ராஜா வென்று தமிழில் உறுதிமொழி எடுத்தார். சொற்களில் பிழை என்று மறுபடி எடுக்க வைத்தார்கள். 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் அவர் கிறிஸ்தவர் என்று கூறித் தேர்தலை ரத்துசெய்தது. மதத்தோடு அந்த வழக்கில் அலசப்பட்ட இன்னொன்று, அவருடைய குடும்பம் தமிழ்நாட்டிலிருந்து தோட்டத்துக்கு எந்த வருஷம் வந்தது என்பது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர் வெற்றியை உறுதிசெய்தது. சட்டமன்ற உறுப்பினருக்கே பாட்டன் பாட்டி மலையேறிய ஆண்டுக்குத் தோட்ட ஆவணங்கள் தேவைப்பட்டன.

மலைக்கு இந்தப் பக்கத்தில் நடந்த ஒன்றையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. கண்டியில் மலையாளப் பெற்றோருக்குப் பிறந்த எம்.ஜி.ஆர்., நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் படுத்தபடி 1984-இல் வென்ற தொகுதி எது? வருசநாட்டு மலையடிவாரம் வரை விரியும் ஆண்டிபட்டி. மைசூர் மாநிலத்து மேலுகோட்டையில் பிறந்த ஜெயலலிதா 2002-இலும் 2006-இலும் வென்றதும் அதே ஆண்டிபட்டி. பள்ளத்தாக்கு அவர்களைத் தன் பிள்ளைகளாகத்தான் பார்த்தது, அதில் எனக்குச் சந்தோஷமே. பூர்வீகம் கேட்காத மக்கள் இவர்கள். பூர்வீகம் கேட்பது அலுவலகங்கள்தான், அதுவும் ஏழையிடம் மட்டும்.

2015 செப்டம்பரில் மூணாற்றில் நடந்தது இந்தக் கசப்பின் மிகத் தெளிவான வெளிப்பாடு. போனஸ் குறைந்ததற்காகக் கொழுந்து பறிக்கும் பெண்கள், பெரும்பாலும் தமிழர், வேலையை விட்டுச் சாலையில் உட்கார்ந்தார்கள். 'பெண்பிள்ளை ஒருமை' என்று பெயர் வந்தது. நிர்வாகத்தோடு அவர்கள் சங்கத் தலைவர்களையும் விரட்டினார்கள். ஐ.என்.டி.யு.சி., ஏ.ஐ.டி.யு.சி., சி.ஐ.டி.யு. மூன்றும் வேண்டாம் என்றார்கள். தொழிற்சங்கங்களின் தாய்வீட்டில் இது ஒரு பெரிய அதிர்ச்சி. அவர்கள் பக்கத்தில் உட்கார விட்ட அரசியல்வாதிகள் மிகச் சிலர், அவர்களில் முக்கியமானவர் தொண்ணூறு வயதைத் தாண்டிவிட்ட அச்சுதானந்தன். ஒப்பந்தம் முடியும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. 20 சதவீதம் கிடைத்தது. அடுத்து நாள்கூலி 232 ரூபாயிலிருந்து 500 வேண்டும் என்று கேட்டார்கள், 301-இல் நின்றது. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஆதரவு அறிக்கை அளவில். அதுவும் 'தமிழ்ப் பெண்கள்' என்பதற்காக, 'கூலிக்காரப் பெண்கள்' என்பதற்காக அல்ல என்றே எனக்குப் பட்டது.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. 70 பேர். பெரும்பாலோரின் பூர்வீகம் கயத்தாறு வட்டாரம். மறுநாள் கரிப்பூரில் விமானம் விபத்துக்குள்ளானது, அதில் வந்தவர்கள் வளைகுடாவிலிருந்து திரும்பிய மலையாளிகள். கேரள அரசு முதலில் அறிவித்த நிவாரணம் பெட்டிமுடிக்கு ஐந்து லட்சம், கரிப்பூருக்குப் பத்து லட்சம். முதல் கட்ட உதவிதான் அது என்று பிறகு விளக்கினார்கள். இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் இரண்டு விதமான புலம்பெயர்ந்தவர்கள் மாண்டார்கள். ஒருவகையினர் வீட்டுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தவர்கள். இன்னொரு வகையினர் நூறு வருஷமாக அங்கேயே இருந்தவர்கள், வீட்டுக்கு வந்து சேராதவர்கள்.

இதையெல்லாம் பார்த்தபிறகு இரட்டை ஓட்டுக்குத் திரும்பினால் அது வேறு மாதிரி தெரிகிறது. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் அரிசி எல்லை தாண்டும். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் தாண்டாது, அதற்குத் தமிழ்நாட்டு அட்டை வேண்டும். கேரளத்தின் நல ஓய்வூதியத்துக்கு அங்கே இருக்க வேண்டும். பிள்ளையின் சான்றிதழுக்குக் கீழே, வேலைக்கு மேலே. எந்த அலுவலகமும் முதலில் கேட்பது வாக்காளர் அட்டை. இரண்டு பட்டியலிலும் பெயர் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் இரண்டு முறை ஓட்டுப் போடத் துடிப்பவர்கள் அல்ல, இரண்டு இடத்திலும் இல்லாமல் போய்விடக் கூடாது என்று பயப்படுபவர்கள் என்பது என் கணிப்பு. அவர்களுக்கு ஓட்டு என்பது ஆட்சியைத் தீர்மானிக்கும் கருவியாக எப்போதோ இருந்தது, 1958-இல். இப்போது அது முகவரிச் சான்று.

2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஒரே நேரத்தில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வீடு வீடாகப் படிவம் வந்தது. லைன் வீடுகளுக்கும் வந்தது, கீழே பூட்டிக்கிடந்த வீடுகளின் கதவிடுக்கிலும் வந்தது. முந்தைய தீவிரத் திருத்தத்தின் பட்டியலில், அதாவது இருபது வருஷத்துக்கும் முந்தைய பட்டியலில், உங்கள் பெயரோ பெற்றோர் பெயரோ எந்த மாநிலத்தில், எந்தத் தொகுதியில், எந்தப் பாகத்தில், எத்தனையாவது வரிசையில் இருந்தது என்று படிவம் கேட்டது. அப்பா பீர்மேட்டுப் பட்டியலில் இருப்பார், அம்மா கம்பம் பட்டியலில் இருப்பாள். இரண்டில் எதை எழுதினாலும் உண்மைதான். எழுதுவதற்கு இடம் ஒன்றுதான் விட்டிருந்தார்கள், அதன் கீழே கையெழுத்துக்குக் கொஞ்சம்.